வினைச்சொல்லைத் தனியே அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் ஆங்கிலச் சொற்பட்டியலை என் பெறாமகள் வெட்டி, கொப்பியில் ஒட்டிப் படிக்கிறாள். போன கிழமை அந்தக் கொப்பியைப் புரட்டிய பிறகே இதை எழுதுகிறேன்.

'டிஸ்கஸ்: கலந்துரையாடு', 'லிசன்: செவிமடு', 'அரைவ்: வந்துசேர்' என்று ஒவ்வொரு வினையும் தனியே நிற்கிறது. அதன் பின்னால் எந்தப் பிரிபொசிஷன் ('டு', 'இன்', 'ஃபோர்' போன்ற சின்னச் சொல்) வரும், அல்லது ஒன்றுமே வராதா என்ற விவரம் இல்லை. பிள்ளை என்ன செய்யும்? தமிழ் வேற்றுமை உருபைப் பார்த்து, அதற்கு ஈடாக ஒன்றைப் போட்டுவிடும். "கொழும்புக்கு வந்துசேர்ந்தேன்" என்பதில் 'கு' இருப்பதால் 'அரைவ்ட் டு கொழும்பு' என்று எழுதியிருந்தாள். கொழும்பு என்றால் 'இன்' வரவேண்டும். கோட்டை ரயில் நிலையம் என்றால் 'அட்'. ஏறக்குறைய அதே பொருளுள்ள 'ரீச்' என்ற வினைக்கோ எதுவும் வேண்டாம். "பாட்டைக் கேட்டேன்" என்று எழுதப் போனால் 'லிசன்' என்பதோடு வரவேண்டிய 'டு' காணாமல் போகிறது. "அவரோடு கலியாணம்" என்பது 'மரீட் டு' ஆகாமல் 'மரீட் வித்' ஆகிறது.

22 வருடங்களாக ஒரு காரியாலயத்தில் கடிதங்களைச் சரிபார்த்து வருகிறேன். நான் அதிகம் வெட்டுவது 'ஐ ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்' என்பதில் வரும் 'ஃபோர்' என்ற சொல்லைத்தான். எழுதியவர்களைக் குறைசொல்ல மனம் வருவதில்லை. ஏனென்றால் அதே சொல் பெயர்ச்சொல்லாக நிற்கும்போது, 'எ ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்' என்பது சரி. 'டிஸ்கஷன் அபௌட்' சரி, 'டிஸ்கஸ் அபௌட்' பிழை. 'எம்ஃபசிஸ் ஒன்' சரி, 'எம்ஃபசைஸ் ஒன்' பிழை. பெயர்ச்சொல்லுக்கு உரியதை வினைக்கும் ஒட்டிவிடுகிறோம். இதைப் பெறாமகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும், "அப்ப இவ்வளவு நாளும் ஏன் சித்தி ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பேச்சில் இவை கவனிக்கப்படாமல் போகலாம். வேலை விண்ணப்பத்திலோ, முதல் வரியிலேயே தெரிந்துவிடும். திறமையுள்ள பிள்ளைகள் ஒரு சின்னச் சொல்லால் பின்தங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆகவே 'லிசன் டு', 'வெயிட் ஃபோர்', 'டிபென்ட் ஒன்' என்று பிரிபொசிஷனைச் சேர்த்தே அச்சிடுங்கள். தேவையில்லாத வினைகளுக்கு அதையும் குறிப்பிட்டு, கீழே ஒரு சிறு வாக்கியம் கொடுங்கள். இடம் போதாவிட்டால் வாரத்துக்கு நாலு சொல் குறைந்தாலும் பரவாயில்லை.

ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06