தம்பி ஜெஃப் ஹொஃப்மனுக்கு, ஸ்காபரோவிலிருந்து

அன்புள்ள தம்பி ஜெஃப்,

தம்பி என்று எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். நீங்கள் பிறந்தது 1993 ஜனவரியில். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு குளிர்காலம் கண்டிருந்தேன். அதனால் தம்பிதான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2025 நவம்பர் 1, சனிக்கிழமை இரவு, எங்கள் வீட்டு பேஸ்மென்டில் உங்களை ஏசியவர்களில் முதல் ஆள் நான். பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ். எங்கள் ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் 4, டொட்ஜர்ஸ் 3, பந்து எறிவது நீங்கள். டொட்ஜர்ஸில் ஒருவர் ஆட்டமிழந்துவிட்டார், இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி. என் மருமகன் கொடியையும் எடுத்துக்கொண்டு காருக்கு ஓடுவதற்காக ஒரு காலில் சப்பாத்தும் போட்டுவிட்டான். கடைசி ரோல்ஸை யாரும் தொடக்கூடாது, வென்ற பிறகுதான் என்று அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் மிகேல் ரோஹாஸுக்கு ‘மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக்’, இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவர் அவுட் என்ற நிலையில் நீங்கள் ஒரு ஸ்லைடர், வளைந்து தாழ்கிற பந்து, போட்டீர்கள். அது தாழ வேண்டிய இடத்தில் தாழவில்லை. பந்து இடதுபக்க வேலிக்கு மேலால் போனது. ஹோம் ரன், 4-4.

“ஏனடா ஸ்லைடர் போட்டாய்!” என்று நான் கத்தினேன். நீங்கள் என்று மரியாதையாக எழுதுவதெல்லாம் இப்போதுதான். மருமகன் மற்றச் சப்பாத்தைப் போடவும் இல்லை, போட்டதைக் கழற்றவும் இல்லை. பதினோராவது இன்னிங்ஸில் 5-4 என்று எல்லாம் முடிந்து, நடுச்சாமம் தாண்டும்வரை ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே இருந்தான். அன்றிரவுதான் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற நாள். அழுவதற்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் உடைமாற்றும் அறையில் நீங்கள் பேசியதைப் பார்த்தேன். இங்கே இருக்கிற எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய உலகத் தொடர் வெற்றி மோதிரம் என்னால்தான் போனது என்ற கருத்தில் சொன்னீர்கள். ஒளித்துக்கொள்ளாமல் நின்று சொன்னீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தக் கடிதம் அதற்காகத்தான். நீங்கள் சொன்ன கணக்குப் பிழை, தம்பி.

ரோஹாஸ் என்ற அந்த மனிதரையே எடுத்துக்கொள்வோம். தடுப்பாட்டத்துக்காக அணியில் இருப்பவர், துடுப்பு வரிசையில் ஒன்பதாவது ஆள். எங்களை அவர் இரண்டு இரவுகளில் மூன்று தரம் கொன்றார். அதில் ஒன்று மட்டுமே உங்கள் பந்து.

முதல் தரம் ஆறாவது ஆட்டத்தில். 3-1 என்று பின்னால் நிற்கிறோம், ஒன்பதாவது இன்னிங்ஸ். அடிசன் பார்ஜர் அடித்த பந்து ஓடிப்போய் வேலியின் அடிப்பஞ்சுக்குக் கீழே செருகிக்கொண்டது. இப்படியும் நடக்குமா என்று கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். பந்து செருகினால் விதிப்படி இரண்டு பேஸ்தான். ஓடியவர்கள் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நிறுத்தப்பட்டார்கள். அடுத்து வந்த எர்னி கிளெமென்ட் முதல் பந்தையே மேலே அடித்து ஆட்டமிழந்தார். அதற்கடுத்து ஹிமெனெஸ் அடித்ததை, விளையாட்டுப் பக்கங்களில் ‘கிக்கே’ என்று சொல்கிறார்களே, அந்த ஹெர்னாண்டஸ் முன்னே ஓடிவந்து பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். பார்ஜர் திரும்ப முடியாத தூரத்தில் நின்றார். ஆட்டம் முடிந்தது. அந்த எறிதலைத் தாழப் பிடித்து வைத்துக்கொண்டது யார்? ரோஹாஸ்.

இரண்டாவது தரம் உங்கள் ஸ்லைடர். மூன்றாவது, அதே ஒன்பதாவது இன்னிங்ஸின் மறுபாதியில். மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். வார்ஷோ நிலத்தோடு அடித்தார். ரோஹாஸ் தடுமாறி, விழுகிற மாதிரிப் போய், எழும்பி, வீட்டுத்தட்டுக்கு எறிந்தார். கைனர்-ஃபலெஃபா மூன்றாவது பேஸிலிருந்து சறுக்கி வருகிறார். கீப்பர் வில் ஸ்மித்தின் கால் ஒரு கணம் தட்டைவிட்டு எழும்பித் திரும்பப் படிகிறது. அந்தப் படத்தை நான் எத்தனை தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்று கேட்க வேண்டாம். ஒரு கால்விரல் நீளம். மூன்றாவது பேஸை ஒட்டிக்கொண்டு நிற்காமல் இரண்டு அடி முன்னே நின்றிருந்தால் உலகத் தொடர் எங்களுக்கு. அந்த வீரரையும் ஊர் ஏசிக்கொண்டுதான் இருக்கிறது. அவரிடம் அப்படி ஒட்டி நிற்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது, நேராக அடித்த பந்தைப் பிடித்துவிட்டால் திரும்ப முடியாது என்ற பயம். முதல்நாள் இரவு பார்ஜருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் அந்தப் பயம் வராது?

அதற்கும் அடுத்ததாக வந்த கிளெமென்ட் தூக்கி அடித்ததை, அண்டி பாஹெஸ் தன் அணிக்காரரை இடித்து விழுத்திவிட்டுப் பிடித்தார். பதினோராவதில் விளாடி (விளாடிமிர் கெரேரோ ஜூனியர்) இரண்டு பேஸ் அடித்துத் தொடங்கியும் கேர்க்கின் மட்டை முறிந்து, பந்து மூக்கி பெட்ஸின் கைக்குப் போய், இரட்டை ஆட்டமிழப்பில் வருடமே முடிந்தது. இத்தனையும் நடந்த ஒரு ஆட்டத்தை ஒரு ஸ்லைடரின் தலையில் கட்டுவது கணக்கல்ல.

உங்கள் கதை எனக்கு வடிவாகத் தெரியும். 2014-இல் முதல் சுற்றில் உங்களைத் தெரிவு செய்தது எங்கள் அணிதான், முழங்கையில் சத்திரசிகிச்சை நடந்திருந்தும். அடுத்த வருடமே ட்ரோய் டுலோவிட்ஸ்கியைக் கொண்டுவருவதற்காக உங்களைக் கொலராடோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று நான் துள்ளிக் குதித்தேன், உங்களைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. பிறகு சின்சினாட்டி, ஃபிலடெல்ஃபியா என்று அலைந்து, முப்பது வயதுக்கு மேல்தான் நல்ல எறியாளர் என்று பெயர் எடுத்தீர்கள். போன குளிர்காலத்தில் உங்கள் தோளின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு வேறு அணிகள் பின்வாங்கியதாகச் செய்தி வந்தது. ப்ளூ ஜேஸ் மூன்று வருடத்துக்கு 33 மில்லியன் டொலர் கொடுத்துத் திருப்பிக் கூட்டிவந்தது. பத்து வருடம் கழித்து வீட்டுக்கு வந்த பிள்ளை.

ஏப்ரலில் உங்களைத் தொடவே ஆளில்லை. மே மாதம் வந்தது, போட்டதெல்லாம் அடி. வருடம் முடியும்போது 33 சேவ், அதாவது முன்னிலையைக் காப்பாற்றி முடித்துக்கொடுத்த ஆட்டங்கள். ஆனால் 68 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன். கடைசி ஓவர் போடுகிறவர் இவ்வளவு சிக்ஸர் கொடுத்தால் கிரிக்கெட்டில்கூட நெஞ்சு அடிக்கும். நான் உங்களை நம்பாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். மறைக்கவில்லை.

ஆனால் ஒக்டோபர் 20-ஐ மறந்துவிட முடியாது. உலகத் தொடருக்கு முந்தைய தொடரில் சியாட்டிலோடு ஏழாவது ஆட்டம். 3-1 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது ஸ்பிரிங்கர் ஏழாவது இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். ஊரே அவரைத் தூக்கிக்கொண்டாடியது. அந்த ஒரு ரன் முன்னிலையை ஒன்பதாவதில் காப்பாற்றி, ஹூலியோ ரொட்ரிகெஸை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி, 32 வருடத்துக்குப் பிறகு எங்களை உலகத் தொடருக்குக் கொண்டுபோனவர் யார்? அந்த இரவும் ஒரு ரன்தான், அதே ஒன்பதாவதுதான், அதே கைதான்.

இந்த அணியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024-இல் 74 வெற்றி, பிரிவில் கடைசி. இந்த வருடம் 94 வெற்றி, நியூயோர்க் யாங்கீஸும் 94, நேருக்கு நேர் ஆடியதில் நாங்கள் அதிகம் வென்றதால் பிரிவு எங்களுக்கு. பெரிய பெயர்களால் வந்ததல்ல இது. 92.5 மில்லியன் கொடுத்து வாங்கிய சான்டாண்டர் காயத்தில் கிடந்து ஆறு ஹோம் ரன்னோடு நின்றார். லீக் முழுவதிலும் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி நாங்கள்தான். எல்லோரும் வேலிக்கு மேலால் அடிக்கப் பார்க்கிற காலத்தில் இவர்கள் பந்தைத் தொட்டுப் போட்டு ஓடினார்கள். ஓக்லாந்து வேண்டாம் என்று விட்ட கிளெமென்ட், வழமையான பருவம் முடிந்து வரும் வெளியேற்றுச் சுற்றுகளில் 30 ஹிட் அடித்துச் சாதனை வைத்தார். ஏப்ரலில் டனீடினில் அடிமட்ட லீக்கில் எறிந்துகொண்டிருந்த யெசாவேஜ், 22 வயதில், ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். ஒருவருக்கும் வோக் கொடுத்து சும்மா முதல் பேஸுக்கு விடவில்லை. அவரும் உங்கள் ஈஸ்ட் கரோலைனாப் பல்கலைக்கழகம்தானே. மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போய் இங்கே விடியற்காலை மூன்று மணியாகும்போது, அம்மா தேத்தண்ணி போட்டு எழுப்பி எழுப்பிப் பார்க்க வைத்தார். பேஸ்போல் என்றால் என்னவென்று இன்றும் முழுதாகத் தெரியாத மனுசி.

இனி உண்மையில் நான் சொல்ல வந்தது.

1993 ஒக்டோபர் 23. ஜோ கார்ட்டர் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து உலகத் தொடரை வென்றுகொடுத்த இரவு. அப்பா உணவகச் சமையலறையில் கோப்பை கழுவுகிற வேலையில் நின்றார். நானும் அம்மாவும் மாடிக்குடியிருப்பில், ஊரிலிருந்து வந்த எங்களுக்கு ஒருவர் தந்த பழைய ரிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே தெருவெல்லாம் கார் ஹோர்ன். அந்த ஊர் எங்களுடையதும்தான் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றிய இரவு அது. கார்ட்டர் துள்ளித் துள்ளி ஓடிய படம் எங்கள் வீட்டில் இன்னமும் தொங்குகிறது.

32 வருடமாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன். அந்தப் பந்தைப் போட்டது யார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மிட்ச் வில்லியம்ஸ். நீங்களும் இரண்டு வருடம் ஆடிய ஃபிலடெல்ஃபியாவின் எறியாளர். அவருக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. டிசம்பரிலேயே ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரும் அன்றிரவு ஒளித்துக்கொள்ளாமல் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர். நான் பன்னிரண்டு வயதில் சந்தோசத்தில் குதித்தபோது ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பேஸ்மென்டில் யாரோ ஒரு பெடியன் ஒற்றைச் சப்பாத்தோடு இருந்திருப்பான். இது எனக்கு இந்த நவம்பரில்தான் விளங்கியது.

சரி, அடுத்த வருடம், 2026. போ பிஷெட்டை விடக்கூடாது. செப்டெம்பரில் முழங்கால் காயத்தோடு போனவர், உலகத் தொடருக்குத்தான் திரும்பினார். நொண்டிக்கொண்டு ஆடியும், ஏழாவது ஆட்டத்தில் ஓட்டானியின் பந்தை மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்தார். விளாடிக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன் கொடுத்தபோது விசர் வேலை என்று சொன்னவர்கள் இப்போது வாய் திறப்பதில்லை. ஆனால் விளாடி பக்கத்தில் போ இல்லாத அணியை என்னால் நினைக்க முடியவில்லை. காசு இருக்கிற நிறுவனம், கொடுக்கட்டும். எறியாளர் ஷெர்ஸருக்கு 41 வயது, அவரை நன்றி சொல்லி அனுப்பலாம். பாசிட்டை வைத்திருந்தால் நல்லது, கடைசி நேரத்தில் வந்து எறிய அவரைப் போல ஒருவர் தேவை.

உங்கள் விசயத்தில் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். ஒன்பதாவதுக்கு இன்னொருவரையும் கொண்டுவர வேண்டும். உங்களைத் தண்டிக்கச் சொல்லவில்லை. 15 ஹோம் ரன் என்ற எண் அப்படிச் சொல்கிறது, ரோஹாஸின் பந்து இல்லாமலே அப்படித்தான் சொல்கிறது. ஏழாவதிலும் எட்டாவதிலும் எதிரணியின் ஆகச் சிறந்த மூன்று பேர் வரும்போது உங்களை விட்டால், இந்த லீக்கில் உங்களைப் போல ஆட்கள் குறைவு.

வசந்தத்தில் நானும் மருமகனும் டோமுக்கு, உங்கள் மைதானத்துக்கு, வருவோம், மேல்தட்டில் மலிவு ரிக்கெட்டில்தான். எட்டாவதில் உங்கள் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று கைதட்டுவோம். ஒன்பதாவதில் கூப்பிட்டாலும் எழும்புவோம். கதிரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஓர் அண்ணன்