சாவி யார் கையில்?

பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சூலூர் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். 2018இலிருந்து இங்கிருக்கும் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானம் பறக்கிறது. அது மேலே ஏறினால் பட்டறையில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பையன்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார்கள். நம்ம பிளைட் என்று அவர்களுக்குப் பெருமை. நம்முடையதுதான், இன்ஜின் மட்டும் அமெரிக்காவுடையது.

2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். அதே ஆண்டு ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் 99 இன்ஜின்கள், 71.6 கோடி டாலருக்கு. முதல் இன்ஜின் வந்து சேரவே 2025 மார்ச் ஆகிவிட்டது. இதில் சதி என்று எதுவும் இல்லை, மூடிக் கிடந்த உற்பத்தியை மறுபடி தொடங்கத் தாமதமாயிற்று. ஆனால் 1998இல் நடந்தது தாமதம் அல்ல. பொக்ரான் அணுகுண்டுச் சோதனை முடிந்ததும், தேஜஸுக்காக லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியோடு அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிட்டனிடம் வாங்கிய சீ கிங் ஹெலிகாப்டர்களும், உள்ளே போட வேண்டிய அமெரிக்க உதிரிபாகம் வராமல், தரையில் நின்றன.

சரி, நாம் அன்று அமெரிக்காவின் கூட்டாளி இல்லை. கூட்டாளியாக இருந்த பாகிஸ்தானுக்கு என்ன கிடைத்தது? ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்தவரை பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று அமெரிக்க அதிபர்கள் ஆண்டுதோறும் சான்று கொடுத்தார்கள். 1989இல் அந்தப் படை வெளியேறியது. 1990இல், ஆயுதம் கொடுக்கத் தேவையான அந்தச் சான்று கிடைக்கவில்லை. பாகிஸ்தான் 60 கோடி டாலருக்கு மேல் கட்டியிருந்த எஃப்-16கள், 28 விமானங்கள், அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தப்பட்டன. பணம் திரும்பக் கிடைத்தது 1998 டிசம்பரில். அதிலும் ஒரு பகுதிக்குக் கோதுமை! விமானங்களும் வீணாகவில்லை. அவற்றில் சிலவற்றை அமெரிக்கக் கடற்படை எடுத்துக்கொண்டு, பயிற்சியில் எதிரி விமானமாகப் பறக்கவிட்டது.

பாகிஸ்தானுக்காக நான் வருத்தப்படவில்லை. அமெரிக்காவை மட்டும் குறை சொல்லவும் இல்லை. ரஷ்யாவிடம் 2018இல் ஐந்து எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதிகள் கேட்டோம். 2023க்குள் மூன்று வந்தன, மற்றவை உக்ரைன் போரால் தள்ளிப்போயின. தனக்கே தேவைப்படும்போது எந்தக் கடைக்காரன் நமக்கு எடுத்துக் கொடுப்பான்? நாமும் இப்போது கடை போட்டிருக்கிறோம். பிலிப்பைன்ஸுக்குப் பிரம்மோஸ் ஏவுகணை விற்றோம். நாளைக்கு நமக்கும் அவர்களுக்கும் ஆகவில்லை என்றால் உதிரிபாகம் போகுமா என்று மணிலாவில் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் கெட்டிக்காரர்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் கம்ப்யூட்டரில் ஓடும் வெளிநாட்டு சிஎன்சி மெஷின் ஒன்று வாங்கினேன். ஷெட் மாற்றினபோது அதை நூறடி தள்ளி வைத்தோம். சுவிட்சைப் போட்டால் திரையில் பாஸ்வேர்டு கேட்கிறது. அந்த எண் கம்பெனி ஆளிடம்தான் இருக்கிறது, அவர் வர பதினெட்டு நாள் ஆயிற்று. வாங்கும்போது நான் விலையைக் கேட்டேன், தவணையைக் கேட்டேன், இதைக் கேட்கவில்லை.

நீங்கள் கேட்கலாம். ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைகள் மீது, அதாவது துறை கேட்கும் செலவுப் பணம் மீது, அறிக்கை தருகிறீர்கள். ஒவ்வொரு பெரிய வெளிநாட்டுக் கொள்முதலுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். விற்றவர் கையை விரித்தால் இருக்கிற உதிரிபாகத்தை வைத்து எத்தனை மாதம் ஓட்டலாம்? பெரிய பழுதை இங்கேயே பார்க்க முடியுமா? மென்பொருளை நாம் திருத்தலாமா? மூன்றாவது நாட்டின் அனுமதி எந்தப் பாகத்துக்குத் தேவை? ராணுவ ரகசியம் என்பார்கள். அப்படியானால் மூடிய அறையில் கேளுங்கள், எங்களுக்குக் கேட்டோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்த முறை இரண்டு தலைவர்கள் கைகுலுக்கி, நட்பின் அடையாளமாக இத்தனை விமானம் என்று அறிவிக்கும்போது, இந்தக் கேள்விகளுக்கான அந்த ஒரு பக்கம் ஏற்கெனவே உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சூலூர் பட்டறைக்காரன் ஒருவன்