நாலு மருந்தும் ஒரு டிரம்மும்

ஓசூர்,
ஜனவரி 21

அன்புள்ள பாண்டியா,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் முடிந்து பதில் எழுதுகிறேன். நன்றாகத் திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பெரியவள் பத்தாவது, ராத்திரி பகலாகப் படிக்கிறாள். கோத்தகிரியில் உன் கார்னேஷன் பூ நாற்று வேர் பிடித்துவிட்டதென்று சுந்தரம் சொன்னான். சுந்தரம் சொன்னதாயிற்றே, பாதியைத்தான் நம்பினேன்.

நீயும் பிளாஸ்டிக் கூரை போட்டு பாலிஹவுஸ் கட்டிவிட்டாய். அதனால்தான் இதை உடனே எழுதுகிறேன்.

பிப்ரவரி 14-க்குப் பூ எடுக்க, டிசம்பர் தொடக்கத்தில் தாஜ்மஹால் ரக ரோஜாவைக் கவாத்து செய்திருந்தேன். துளிர் நன்றாக வந்த நேரத்தில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான த்ரிப்ஸும், சிலந்திப்பேன் என்கிற மைட்ஸும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மருந்துக்கடையில், "எல்லாத்தையும் ஒண்ணா அடிச்சிடுங்க, ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்றார்கள். இமிடாகுளோப்ரிட், அசிட்டாமிபிரிட், ஒரு பைரித்ராய்டு, கூடவே வேப்பெண்ணெய். நாலையும் 200 லிட்டர் டிரம்மில் ஊற்றிக் கலக்கினேன். மேலே திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக மிதந்தது. அதைப் பார்த்த பிறகும் அடிக்கச் சொன்னேன், பாண்டியா. அதுதான் மனசை அறுக்கிறது.

மூன்றாம் நாள் இளம் இலைகளின் ஓரமெல்லாம் கருகிவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடித்திருந்தோம். கந்தகம் பட்ட செடியில் இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் பட்டால் இலை வெந்துவிடும். இதை நம் பூச்சியியல் வாத்தியாரிடம் போனில் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. அவர் அதே குரலில் "பின் பெஞ்ச்!" என்றார். உன்னையும் விசாரித்தார்.

அப்புறம் மைட்ஸ். பத்து நாளில் முன்னைவிட அதிகமாகிவிட்டது. இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மெல்லிய நூலாம்படை, அதற்குள் முதுகில் இரண்டு கறுப்புப் பொட்டோடு ஊர்கிற பேன்கள், பக்கத்திலேயே கண்ணாடி மணி மாதிரி உருண்டை முட்டைகள். நான் அடித்ததில் எதுவும் அந்த முட்டையைத் தொடவில்லை. பைரித்ராய்டு, மைட்ஸைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் கொன்றது. இமிடாகுளோப்ரிட் அடித்த செடியில் மைட்ஸ் கூடுதலாக முட்டையிடுவதும் உண்டாம். அதற்கு மேல், இமிடாகுளோப்ரிடும் அசிட்டாமிபிரிடும் ஒரே இனம். பூச்சியின் நரம்பில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வேலை செய்யும். ஒன்றுக்குப் பழகிய பூச்சி பெரும்பாலும் மற்றதற்கும் சாகாது. இரண்டு விலை கொடுத்து ஒரே மருந்தை வாங்கியிருக்கிறேன்.

கலப்பதே தப்பென்று நான் சொல்லவில்லை. அபாமெக்டின் என்ற மருந்து நடமாடுகிற சிலந்திப்பேனைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். ஹெக்ஸிதையாசாக்ஸ் முட்டையையும் குஞ்சையும் பிடிக்கும், வளர்ந்ததை விட்டுவிடும். இந்த இரண்டையும் சேர்த்தால் அர்த்தம் இருக்கிறது, ஒன்று விட்டதை மற்றது பிடிக்கிறது. த்ரிப்ஸுக்கு ஸ்பினோசாடைத் தனியாக, வேறு இன மருந்தோடு மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னார் வாத்தியார். த்ரிப்ஸ் முட்டையை இலைத் தோலுக்குள் செருகி வைக்கும், கூட்டுப்புழுவாக மண்ணில் கிடக்கும். ஒரே அடியில் தீராது.

இப்போது எதைக் கலந்தாலும் முதலில் ஒரு பாட்டிலில், அடிக்கிற அதே தண்ணீரில், அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வைக்கிறேன். தூள் மருந்தைத் தனியாகக் கரைத்து முதலில், எண்ணெய் மருந்து கடைசியில். பிரிந்தால் டிரம் பக்கமே போவதில்லை. பிரியாவிட்டால் பத்துச் செடியில் மட்டும் அடித்து, ஒரு வாரம் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பூ போனது போகட்டும். அன்றைக்கு மருந்தடித்த பையனுக்குச் சாயங்காலம் தலைசுற்றி வாந்தி. பாலிஹவுஸுக்குள் காற்றோட்டம் இல்லை, முகத்தில் வெறும் துண்டுதான் கட்டியிருந்தான். "என்ன மருந்து?" என்று டாக்டர் கேட்டார். நான் நாலு பாட்டிலையும் மேஜைமேல் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாரே, அந்த ஐந்து நிமிஷம் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நாளில் தேறிவிட்டான். அவன் அம்மா முகத்தை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. வடிகட்டி வைத்த முகமூடி இரண்டு வாங்கிவிட்டேன். பக்கத் திரையைச் சுருட்டி ஏற்றாமல் இனி யாரும் உள்ளே மருந்தோடு போவதில்லை.

உன்னிடம் இருக்கிற பாட்டில்களின் லேபிளையெல்லாம் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. எது எந்த இனம் என்று பிரித்து எழுதித் தருகிறேன். அதுவரை டிரம்மைக் கவிழ்த்து வை.

உன்,
ரகு