அம்மிணிக்கு, கேம்ஷாஃப்ட் விஷயமாக

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய இரண்டு கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு) விவரத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். நீயும் வேலை நடுவில் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, டிக் டிக்கென்று சத்தம், மேடு ஏறினால் கார்புரேட்டர் வழியாகத் தும்மல் என்றாய். அங்கே மெக்கானிக் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்து லோப் ஒன்று, அதாவது வால்வைத் தள்ளும் கேமின் மேடு, தேய்ந்திருக்கிறது. எரிந்த புகை வெளியே போக வால்வு சரியாகத் திறக்கவில்லை என்றால், அடுத்து காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு திறந்ததும் அது மேலே ஏறித்தானே வரும்? 1979 மாடல் செவ்ரோலே பிக்கப், உன்னைவிட மூத்த வண்டி. கேம் மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவதே மாற்றுகிறோம், பெட்ரோல் மிச்சமாகிற மாதிரி ஒன்றைப் போடலாமே என்று நீ கேட்டதும் நியாயம்தான்.

மாப்பிள்ளைக்கு இரண்டாவது கேம் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். யூடியூபில் அதன் சத்தத்தைக் கேட்டிருப்பார். நின்ற இடத்தில் வண்டி குலுங்கிக் குலுங்கி உறுமும், கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சத்தமே எஞ்சின் ஐடிலில் ஒழுங்காக மூச்சு விடவில்லை என்பதற்கான சத்தம். அவரிடம் இதை நீயே பக்குவமாகச் சொல், மாமனார் சொன்னதாக வேண்டாம்.

கேட்டலாக்கில் டியூரேஷன் என்று டிகிரியில் போட்டிருப்பது வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பெரிய எண்ணை விட்டுவிடு. டேப்பட் 0.050 அங்குலம் எழும்பிய இடத்திலிருந்து அளந்த எண் பக்கத்தில் இருக்கும். (லோப் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளிவிடும் சின்ன உருளைதான் டேப்பட். அங்கே லிஃப்டர் என்கிறார்கள்.) முதல் கேமுக்கு அது இன்டேக் 194, எக்ஸாஸ்ட் 202. இரண்டாவதுக்கு 224, 230. எனக்கு இவ்வளவு போதும், முதலாவதை வாங்கு.

ஏன் என்று கேட்பாய், சின்ன வயசிலிருந்தே அதுதானே வழக்கம். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடினால் காற்று வந்த வேகத்தில் அப்போதும் உள்ளே நுழையும், அதனால் லாபம். 2,000 சுற்றில் அந்த வேகம் இல்லை. மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்ததையே திருப்பி வெளியே தள்ளும். மூட்டையின் வாயைக் கட்டுவதற்கு முன்னால் அதன் மேல் ஏறி உட்கார்ந்த கதை. டியூரேஷன் அதிகமான பெரிய கேம் வாயைத் தாமதமாகக் கட்டும், சின்னது சீக்கிரம் கட்டிவிடும். உன் வண்டியில் இருக்கிற அந்தக் காலத்து 350 கன அங்குல எஞ்சினில் கம்ப்ரெஷன் (உள்ளே வந்ததை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) எட்டு, எட்டரைதான். இருக்கிற அழுத்தமே கொஞ்சம், அதிலும் கசியவிட்டால் இழுவை எங்கிருந்து வரும்? நீ ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதிப்பாய், பெட்ரோல் இன்னும் போகும்.

உன் வண்டி நாள் முழுக்க எந்தச் சுற்றில் ஓடுகிறது என்று பார்த்தாயா? நான் கணக்குப் போட்டேன். பின் ஆக்ஸில் கியர் விகிதம் 3.08 என்றாய், டயர் உயரம் 29 அங்குலம், மூன்று கியர் ஆட்டோமேட்டிக், ஓவர்டிரைவ் இல்லை. மணிக்கு 60 மைலில் எஞ்சின் ஏறக்குறைய 2,150 சுற்று, 70 மைலில் 2,500. எஞ்சினையும் கியரையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் வழுக்கலுக்கு ஒரு நூறு சேர்த்துக்கொள். அந்த 224 கேமின் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது? கம்ப்ரெஷன் ஒன்பதரைக்கு மேல் வேண்டும், 3.73 ஆக்ஸில் வேண்டும், டார்க் கன்வர்ட்டரையும் மாற்ற வேண்டும். கேம் வாங்கப் போய் வண்டியையே வாங்குகிற கதைதான். நம் ஊரில் பிக்கப் என்றால் வண்டியின் பெயர் இல்லை, மிதித்தவுடன் கிளம்புகிற இழுப்பு. அது உன் வண்டிக்கு வேண்டுமென்றால் சின்ன கேம்தான்.

முதல் கேமின் லோப் செபரேஷன், அதாவது இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு நடுவே உள்ள கோணம், 112 டிகிரி என்பதும் உனக்கு நல்லது. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறைவு, ஐடில் மெத்தென்று இருக்கும், பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கமும் (எஞ்சினின் உறிஞ்சும் இழுப்பு) கிடைக்கும். அடியில் சக்கரம் வைத்த ரோலர் டேப்பட் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். உராய்வு குறையும், உண்மைதான். ஆனால் உன் எஞ்சினுக்கு அதற்கென்று செட்டே தனியாக வாங்க வேண்டும். மிச்சமாகும் பெட்ரோலில் அந்தக் காசு திரும்பாது, வேண்டாம்.

இப்போது மைலேஜ் கணக்கு. 11.5 மைல் கொடுக்கிறது என்றாய். தேய்ந்த லோப் போய் நல்ல கேம் வந்தால் ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை மைல் கூடும் என்பது என் கணிப்பு. வருடம் 10,000 மைல் ஓட்டினால், ஒன்றரை மைலே கூடினால் 870 கேலன் என்பது 770 ஆகும். கேலன் 3 டாலர் என்றால் 300 டாலர் மிச்சம். அதிலும் பெரும்பங்கு புது கேமின் சாமர்த்தியம் இல்லை, பழையது இழந்ததைத் திரும்பப் பெறுவது. கிராங்க் தண்டிலிருந்து கேமைச் சுழற்றும் டைமிங் செயினையும் சேர்த்து மாற்று. செயின் தளர்ந்தால் எந்த கேமும் பின்தங்கித்தான் திறக்கும். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் குழாயில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. அப்புறம் கால். அந்தக் கார்புரேட்டருக்கு முன்னால் இரண்டு சின்ன வாய், பின்னால் இரண்டு பெரிய வாய். பின்வாய் திறக்காமல் ஓட்டப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

டேப்பட் விஷயத்தில் மட்டும் நான் சொல்கிறபடி செய். பழைய டேப்பட்டைப் புது கேமில் போடாதே. 1996-இல், உனக்கு ஆறு வயசு, சேலம் ரோட்டுப் பட்டறையில் ஒரு அம்பாசிடருக்கு கேம் மாற்றினேன், ஞாபகம் இருக்கிறதா? நீதான் டார்ச் பிடித்தாய். வண்டிக்காரர் காசு இல்லை என்றார். டேப்பட் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே போட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் வண்டி டக டகவென்று திரும்பி வந்தது. கழற்றி, ஒரு டேப்பட்டின் அடிமுகத்தின் மேல் இன்னொன்றின் பக்கவாட்டை ஸ்கேல் மாதிரி வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். புதுசாக இருந்தால் நடு துளி மேடாக இருந்து ஆடும். இது ஆடவே இல்லை, நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. முகம் தோசைக்கல் மாதிரி குழிந்திருந்தது. அந்த மேடும் லோப்பில் இருக்கும் லேசான சரிவும் சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழல வைக்கும். சுழலாவிட்டால் ஒரே இடத்தில் அரைத்துத் தின்றுவிடும். இரண்டாவது கேம் என் கைக்காசில் போட்டேன். உன் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

டைமிங் கியர்களின் புள்ளிகள் இரண்டும் எதிரெதிராக வந்தால் கேம் சரி. ஆனால் அந்த நிலையில் தீப்பொறி வாங்கத் தயாராக இருப்பது ஆறாம் சிலிண்டர், ஒன்றாவது இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரை ஒன்றுக்கு நேராக வைத்துவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஆயில் வாங்கும்போது துத்தநாகம் அதிகமுள்ளதாகக் கேட்டு வாங்கு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெடக்கூடாது என்று இப்போதைய கார் ஆயிலில் துத்தநாகத்தையும் பாஸ்பரஸையும் குறைத்துவிட்டார்கள். உன் டேப்பட்டுக்கு அது ஆகாது. லோப்பிலும் டேப்பட் முகத்திலும் தேய்மானம் தடுக்கும் கருப்புப் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவு.

ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து 20 நிமிடம் ஐடிலுக்கு விடவே கூடாது. 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே ஏற்றி இறக்கிக்கொண்டே இரு. கேமுக்கு ஆயில் போவது கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான். மெதுவாக ஓடினால் போதுமானது தெறிக்காது. முதலிலேயே கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, தண்ணீரும் கசிவும் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று.

கழற்றும் பழைய டேப்பட் 16-ஐயும் வரிசை மாறாமல் முட்டை அட்டையில் வை. அங்கே 18 முட்டை அட்டை கிடைக்கும் என்று நீதான் சொன்னாய், நாமக்கல்காரிக்கு அது கூடவா தெரியாது என்று சிரித்தோமே. ஒவ்வொன்றின் அடிமுகத்தையும் படம் எடுத்து அனுப்பு. எது தின்றிருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் இங்கே மாலை ஆறரை. நான் வீட்டில்தான் இருப்பேன். போனை ஃபெண்டர் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார். அந்த 20 நிமிடமும் பேச வேண்டாம், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா