கேமரன் மலையும் வெப்பமண்டலமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாணவர் பக்கத்துல "மலேசியா பூரா வெப்பமண்டலம், எங்க போனாலும் ஒரே காலநிலைதான்"னு போட்டிருந்தீங்க, என் பேத்தி அத அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தா, நான்தான் நிறுத்தும்மான்னு சொன்னேன். நான் பெருசா படிச்சவன் இல்ல, கேமரன் மலைக்கும் பினாங்குக்கும் காய்கறி லாரி ஓட்டினவன். கேமரன் மலை மேல தானா ராத்தாவுல விடிகாலைல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு முட்டைக்கோஸ் ஏத்துவோம், மலையடிவாரத்துல தாப்பா வந்து சேர்றதுக்குள்ள பனியன் நனைஞ்சிரும். இது எப்படிங்க ஒன்னாகும்?

அப்புறம் பேத்தியும் நானும் உக்காந்து தேடிப் படிச்சோம். காலநிலைய எழுத்து போட்டு வகை பிரிக்க இப்ப பல நாட்டுலயும் வச்சிருக்கிற முறை விளாடிமிர் கோப்பென் போட்டது, ரஷ்யாவுல பிறந்த ஜெர்மன்காரர், 1884ல ஆரம்பிச்சு 1936 வரைக்கும் திருத்திக்கிட்டே இருந்திருக்கார், அவருக்கப்புறம் ருடால்ஃப் கைகர்னு ஒருத்தர் அத தொடர்ந்தார். கோப்பென் செடிகொடி படிச்சவரு, எங்க என்ன வளருதுன்னு பாத்துத்தான் எல்லைக்கோடே போட்டார். அட, நாங்க லாரில ஏத்துற சரக்க வச்சு ஊர அடையாளம் சொன்ன மாதிரிதான்!

அவர் கணக்குல வெப்பமண்டலம்னா 'ஏ', அதுக்கு வருஷத்துலயே குளிரான மாசத்தோட சராசரி கூட 18 டிகிரிக்கு குறையக்கூடாது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல இருக்கு, அந்த 18 அங்க எட்டல, அதனால அது 'சி', அதாவது மிதமான காலநிலை. முழு எழுத்து சி எஃப் பி (எஃப்னா எல்லா மாசமும் மழை, கடைசில வர்ற சின்ன பி-ன்னா கோடையும் ரொம்ப சுடாது). லண்டனுக்கும் அதே எழுத்துதான் போட்டிருக்காங்க! (லண்டன் ஜனவரில நடுங்கணும், கேமரன்ல வருஷம் பூரா ஒரே குளுகுளுதான், ரெண்டையும் ஒரே கூடைல போட்டது எனக்கு அவ்வளவா பிடிக்கல.)

கீழ இருக்கிற ஊருங்களும் ஒன்னு இல்லீங்க. கோலாலம்பூர்ல எந்த மாசமும் மழை 60 மில்லிமீட்டருக்கு குறையாது, அது ஏ எஃப். அலோர் ஸ்டார்ல ஜனவரி மழை அதவிட ரொம்ப கம்மி, அதனால அத பருவமழை வகை, ஏ எம்னு வைக்கிறாங்க. நம்ம பினாங்கு ஜனவரி பிப்ரவரில அந்த 60ஐ ஒட்டித்தான் நிக்கும், அந்த மாசங்கள்ல வர்ற தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ரோட்டுல வெறுங்கால்ல நடந்தவங்களக் கேளுங்க.

இன்னொரு தப்பு, ஏ, பி, சி, டி, ஈன்னு இருக்கிற அஞ்சு பெரிய பிரிவுல ஏ-ல இருந்து ஈ வரைக்கும் சூடு குறைஞ்சுக்கிட்டே போகும்னு எழுதியிருக்கீங்க. இந்தப் பெரிய 'பி' சூட்டு வரிசைலயே வராது, அது வறட்சி. பெய்யிற மழை அந்த ஊர் சூட்டுக்கு பத்தலைன்னா பி, அவ்வளவுதான். அதனாலதான் கொதிக்கிற சஹாராவும் பி, குளிர்காலத்துல உறையிற கோபி பாலைவனமும் பி.

வர்ற ஞாயிறு அதே பக்கத்துல திருத்திப் போடுங்க, பேத்திக்கு அடுத்த வாரம் புவியியல் டெஸ்ட் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரி டிரைவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு