இரண்டாவது ஆல்பம்

ஆசிரியருக்கு,

இரண்டாவது ஆல்பத்தில் சறுக்கிய ராக் குழுக்களைப் பற்றிய உங்கள் கட்டுரை அமெரிக்க ராக் குழுவான வீசரின் ‘பிங்கர்ட்டன்’ ஆல்பத்தை ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது.

1994-ல் வந்த முதல் ஆல்பத்தை ரிக் ஒகாசெக் தயாரித்தார். பளபளப்பான பவர் பாப், அதாவது கிட்டார் அதிர்வும் இனிமையான மெட்டும் கலந்த ராக். கேட்டவுடன் முணுமுணுக்க வைக்கும். 1996-ல் வந்த ‘பிங்கர்ட்டனை’க் குழுவே தயாரித்தது. முதல் பாட்டே சிந்தசைசரின் கரகரப்போடு தொடங்குகிறது. பாடகர் ரிவர்ஸ் குவோமோவின் குரல் அடிக்கடி அலறலாகிறது. மெட்டு இரைச்சலுக்கு அடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க அன்று பலருக்குப் பொறுமை இல்லை. ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் அதை அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே பத்திரிகை 2004-ல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது! இடையில், 2001-ல் குவோமோவே அதை இழித்துப் பேசினார். ரசிகர்கள் அசைந்து கொடுக்கவில்லை.

பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘ரேடியோ சிட்டி’க்கு (1974) நேர்ந்தது வேறு. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விநியோகக் குளறுபடியால் இசைத்தட்டு பல கடைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. விற்காததால் அதையும் சறுக்கல் என்பீர்களா?

‘பிங்கர்ட்டனில்’ எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஜப்பானிய ரசிகை ஒருத்தியின் கடிதத்தை வைத்து எழுதிய பாட்டு வரும்போது இன்றும் நெளிகிறேன். ஆனாலும் தாண்டிப் போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்