விரல் நுனியில் ஒரு பாரபட்சம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை யாரும் மறந்திருக்க மாட்டோம். மருத்துவமனைக்கு ஓடுவதா, வீட்டிலேயே இருப்பதா என்று அந்தச் சின்னத் திரைதான் தீர்ப்புச் சொன்னது. விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து, ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைக் கணக்கிடும் கருவி அது. தோலின் நிறமியும் அந்த ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. கோளாறு அங்கேதான்.

2020-இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வாளர்கள், கருவி ஆக்சிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில், தமனியிலிருந்து ரத்தம் எடுத்து நேரடியாக அளக்கும் சோதனை என்ன சொன்னது என்று ஒப்பிட்டார்கள். உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத முறை; வெள்ளையரிடம் 3.6 சதவீத முறை. மூச்சுத் திணறுகிறவரிடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று கருவி சொல்லியிருக்கிறது.

இந்தக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்டிஏ) 2013 வழிகாட்டுதலில் கருவியை 10 பேரிடம் சோதித்தால் போதும், அதில் 2 பேர் கருந்தோல் உள்ளவராக இருந்தால் சரி. 2025 ஜனவரியில் வந்த வரைவு, 150 பேராவது வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த கருவிகள் இன்னும் விரல்களில்தான் இருக்கின்றன. (என் விரலும் கறுப்புதான்!) மொத்தமாகக் கொள்முதல் செய்யும் அரசுகள் விலையோடு சேர்த்து, ‘எந்தெந்த நிறத் தோலில் சோதித்தீர்கள்?’ என்றும் டெண்டரிலேயே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்